மழைக்குக் கவிழ்த்த சிரட்டைகள்

கைதட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது.

அப்போது நான் பெல்மதுளையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலைக்கு நின்றேன். கடைக்கார நானா வாங்கும் ஞாயிற்றுக்கிழமைச் சிங்களப் பேப்பரில்தான் அந்தக் கலைஞர்களைக் கண்டுபிடித்தேன். ஆற்றுப் பாறைகளுக்கெல்லாம் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்துப் போட்ட ஒருத்தி. கண்ணைக் கட்டிக்கொண்டு என் முகத்தை வரையுங்கள் என்று பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன். உடைந்த குடைக் கம்பிகளில் யானைக்கூட்டம் செய்து வயலில் மேயவிட்ட இன்னொருவன். இப்படியும் விளையாடலாமா? வளர்ந்தவர்கள், பட்டப்பகலில், வெட்கமில்லாமல்? ஒவ்வொன்றாக வெட்டிக் கொப்பியில் ஒட்டினேன்.

“என்ன தங்கச்சி, பேப்பர்ல ஜன்னல் வெச்சீக்கிறீங்க? பின்பக்கம் மரண அறிவித்தல் ஈந்திச்சே, யாரு மவுத்தானதுன்னு நான் எப்பிடிப் பாக்குற?” என்பார் நானா.

ஒருநாள் அந்தக் குடை யானைக்காரனே கொப்பி எடுக்க வந்து நின்றான். என் கொப்பியைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். றப்பர்க் காடு ஒன்று வேண்டும் என்றான். அம்மா பால் வெட்டும் எங்கள் தோட்டத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான்.

பேப்பரில் தோட்டத்தின் பெயர் வரும் என்றதும் துரை மூன்று வரிசை மரங்களை விட்டுக் கொடுத்தார். பால் வடியும் சிரட்டைகளின் உட்புறம் முழுக்க அவன் கண் வரைந்தான். முழிக்கும் கண், சொக்கும் கண், சிமிட்டும் கண், அழுது முடித்த கண். காடே நம்மைத் திரும்பிப் பார்த்தது. பால் வெட்டும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“இந்த ஒன்றரைக் கண்ணு நம்மள வேல ஏவுற கண்டக்டர் ஐயாதான்டி,” என்றாள் அம்மா.

“அப்ப அந்த மரத்துல பால் வத்திப்போகும்க்கா,” என்றாள் பக்கத்து வரிசைக்காரி.

இந்த வரிசைகளில் பால் வெட்ட வேண்டாம் என்று அவன் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மழையைப் பற்றி அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்ல மறந்தேன்.

கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வரவிருந்த சனிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. மழை இருட்டினால் சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் பால் கெடும், கொசு பெருகும். எங்கள் மலையில் இதை யாரும் ஏவிச் செய்வதில்லை. கால் தானாக ஓடும். அம்மா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு ஓடினாள். மூன்று வரிசையையும் கவிழ்த்துவிட்டு, தலை சொட்டச் சொட்ட வந்து சொன்னாள்:

“நல்ல வேள புள்ள, ஒரு கண்ணும் நனையல.”

விருந்தாளிகள் வந்தபோது வெறும் பழுப்புச் சிரட்டைகள்தான் இருந்தன. துரையின் முகம் சிவந்தது. அத்தனை பேர் முன்னால் அம்மாவைச் சிங்களத்தில் கிழித்தார். ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாள், வேலைக்கு வராதே என்றார். அம்மா ஈரச் சேலையோடு லயத்து வீட்டுக்கு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண்மணி விளையாட்டாக ஒரு சிரட்டையைத் திருப்பினாள். உள்ளிருந்து ஒரு கண் சிமிட்டியது. வீல் என்று கத்தினாள். எல்லோரும் ஓடி ஓடித் திருப்பினார்கள், குழந்தைகளைப் போல. “ஆமாம், ஒளித்து வைத்திருக்கிறேன். தேடுங்கள்,” என்றான் அவன். எவ்வளவு இலகுவாகச் சொன்னான்! கைதட்டினார்கள். துரையும் தட்டினார்.

“கைதட்டு வாங்கித் தந்தது அம்மா கவிழ்த்ததுதான் என்று துரையிடம் சொல்லுங்கள், தண்டனையை எடுக்கட்டும்,” என்று கெஞ்சினேன்.

“அது தோட்டத்து விசயம் நங்கி. நாங்கள் ரெண்டு நாள் விருந்தாளிகள்,” என்றான். நங்கி என்றால் தங்கச்சி.

அடுத்த ஞாயிறு பேப்பரில் அவன் படம். கண்களை ஒளித்த கலைஞனின் அபாரக் கற்பனை என்று எழுதியிருந்தார்கள். அதை நான் வெட்டவில்லை, கசக்கினேன். அவனுடைய விளையாட்டு எனக்குப் பிடிக்காமல் இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. பிடித்திருந்தது. அதுதான் எரிந்தது.

கொழும்பில் அந்தச் சிரட்டைப் படங்களைக் கண்காட்சி வைத்தான். பஸ் ஏறிப் போனேன். சுவரில் மாட்டியிருந்த சட்டங்களை ஒவ்வொன்றாகச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். பின்னால் கூட்டம் சேர்ந்தது. சிரித்தார்கள். பிறகு, கடவுளே, கைதட்டினார்கள்! இதுவும் கண்காட்சியில் ஓர் அங்கமாம். எந்தக் கலைக் கல்லூரி என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். அவனும் தட்டிக்கொண்டுதான் நின்றான்.

“கவிழ்த்தது இவர் இல்லை. என் அம்மா. அதற்காக அவளுக்கு வேலை இல்லை,” என்று சிங்களத்தில் கத்தினேன். கைகள் ஓய்ந்தன. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஓர் அழைப்பிதழை எடுத்து அதன் பின்புறம் எழுதினான்: கவிழ்த்தவர் இந்தப் பெண்ணின் அம்மா, யோசனையும் அவருடையதே. கீழே ஓவியத்துக்குப் போடுவதுபோல வளைத்து வளைத்துக் கையெழுத்து.

கொண்டுபோய்க் கொடுத்ததும் துரை அதைப் படித்துச் சிரித்தார். நாளையிலிருந்து வரட்டும் என்றார். தண்டனை முடிய இன்னும் ரெண்டு நாள்தான் பாக்கி.

மறுநாள் சோறு கொண்டுபோனபோது மறுபடி இருட்டியது. மற்றப் பெண்கள் ஓடினார்கள். அம்மா அந்த மூன்று வரிசைக்குக் கீழே அசையாமல் நின்றாள். முதல் துளி ஒரு கண்ணுக்குள் விழுந்தது.

“கவுக்கவா, வேணாமா? கேட்டுச் சொல்லு புள்ள.”

யாரிடம் கேட்பது? சோற்றுப் பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டு நான் ஓடினேன். கடைசி மரம் வரைக்கும் கவிழ்த்தேன்.