நான் குனிந்து கொடுத்த அளவு

அன்று அளவெடுத்தபோது பட்டறைக்காரர் பாய் என்னைக் கவனித்தாரா, கவனிக்கவில்லையா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. அவரிடமே இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே எனக்கு டீ சொன்னார். டீ வந்தது, பதில் வரவில்லை.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு வார்ப்படம் செய்யும் ஒரு ஃபவுண்டரியில் இன்ஜினியர். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவுக்குப் போனவர், அங்கே ஷெட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து, லாரியில் ஏற்றி மலையிறக்கிக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய கார். நீளமான மூக்கு, தரையை ஒட்டிய உடம்பு. கூரை என்று ஒன்று கிடையாது. அது இருந்த இடத்தில் இற்றுப்போன கான்வாஸ் துணியும் துருப்பிடித்த நாலு கம்பியும் மட்டும் இருந்தன. பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் அப்பாவிடம் அந்தக் காரின் கார்புரேட்டரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்ஜின் ஓடத் தொடங்கியபோது எங்கள் மகளுக்கு மூன்று வயது நெருங்கியிருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி இருக்கும் குலதெய்வக் கோயிலில் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதற்கு நாள் குறித்தாயிற்று. மகளை அந்தக் காரில் உட்காரவைத்துத்தான் கோயிலுக்குப் போவது என்று இவர் ஃபவுண்டரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

ஆனால் எங்கள் மகள் எந்த வண்டியிலும் உட்காரமாட்டாள். நின்றால்தான் அவளுக்கு உலகம் தெரியும். பஸ்ஸில் மடியின்மேல் நிற்பாள், மாட்டு வண்டியில் மூட்டையின்மேல் நிற்பாள். திறந்த காரில் நின்று, இவர் ஒரு பிரேக் போட்டால் என்ன ஆகும்? குழம்பு கொதிக்கும்போதுகூட அந்தக் காட்சி வந்து அடுப்பை அணைத்திருக்கிறேன்.

"ஏனுங்க, மூடி இல்லாத வண்டியில பாப்பாவைத் தூக்கீட்டு நான் வரமாட்டேனுங்க."

"துணி டாப்பு தெச்சுப்போடலாம் அம்மிணி. அழகா இருக்கும்."

"துணியா? உங்க பொண்ணு ஒரு குத்து உட்டா கிழிஞ்சு போயிருமுங்க. இரும்புல போடுங்க. கழட்டி மாட்டறதெல்லாம் வேண்டாம், அசையாம நிக்கோணும். அப்படின்னா வாரேன்."

இவர் அன்று முழுக்கக் காரையே சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் காருக்கு இரும்புக் கூரை என்பது இவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதிகம் கேட்டுவிட்டோமோ என்று நானே பின்வாங்க நினைத்த நேரத்தில், மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே, "ஆகட்டும், இரும்புலயே போடறேன்" என்றார்.

உக்கடம் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறை. நசுங்கிய வண்டிகளைத் தட்டி நேராக்குகிற இடம். பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிகளுக்கு முன்கூண்டே புதிதாகக் கட்டித் தருகிறவர். காரை இரண்டு சுற்று சுற்றி வந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மேல இரும்பா? கல்யாணப் பொண்ணுக்கு ஹெல்மெட் போடச் சொல்றீங்களே தங்கச்சி."

"போட்டாத்தானுங்க பாய் தலை தப்பும்."

"அதுஞ்சரி. உங்க தலைக்குத்தான் போடறது, அதனால உங்க தலையத்தான் அளக்கோணும். ஞாயித்துக்கெழமை வந்து உக்காருங்க. காரை அளந்து கூரை போடறவன் எல்லாம் அப்பறம் தலைய அறுத்துத்தான் உள்ள வெக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். எங்களோடு மாமனாரும் கிளம்பிவிட்டார். மகன் இந்தக் காருக்கு என்னதான் செய்கிறான் என்று பார்க்க ஆசை. பட்டறையில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். காரின் மூக்குக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் என் கணவரைவிட ஒரு அங்குலம் உயரம். கல்யாணத்தின்போது போட்டோ எடுத்தவர் என்னை ஒரு படி கீழே நிற்கச் சொன்னார். அன்றிலிருந்து நானாகவே கீழே நிற்கப் பழகிக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. இவர் பக்கத்தில் நடக்கும்போது தோள் தானாகத் தாழும். மாமனார் எதிரில் இருந்தால் கழுத்தும் சேர்ந்து தாழும். எதிரில் மாமனார், சுற்றிலும் பட்டறை ஆட்கள், மடியில் நெளிகிற பிள்ளை. நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பாய் என் தலைக்கு மேல் நாலு விரலை அடுக்கி வைத்தார். அந்த உயரத்துக்குக் கம்பியை வளைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார்.

"நல்லா உக்காந்துட்டீங்களா தங்கச்சி?"

"உக்காந்துட்டனுங்க பாய்."

மறுபடியும் கேட்டார். "வசதியா உக்காந்துட்டீங்களா?"

"ஆமாங்க."

"சரிங்க" என்று கம்பியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது முறை ஏன் கேட்டார்? அதைத்தான் நான் இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மூன்று வாரங்கள் எனக்குக் கொண்டாட்டம்தான். மெல்லிய கம்பியில் ஒரு கூண்டு கட்டினார்கள். அதன்மேல் மைதாப் பசை தடவிப் பழைய செய்தித்தாள்களை ஒட்டினார்கள். அது காய்ந்ததும் காருக்குக் காகிதத்தில் ஒரு கூரை வந்துவிட்டது. அதை நாலாக வெட்டிப் பிரித்து, தகட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினார்கள். ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டுவது போலவே இருந்தது. பிறகு தோல் பைக்குள் மணலை நிரப்பி, அதன்மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டத் தட்ட, தட்டையாக இருந்த இரும்பு மெல்லக் குழிந்து முதுகு வளைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் ஏதாவது சாக்கு சொல்லி டவுனுக்குப் போய்விடுவேன். பஸ் ஏறியதும் அடுப்பை அணைத்தேனா என்ற கவலை தொடங்கும். தட்டுகிற சத்தம் கேட்டதும் அது மறந்துவிடும்.

துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைக்கும்போது பாய் இங்கே ஒரு அங்குலம் வைப்பார், நகர்ந்து அந்தக் கோடியில் ஒரு அங்குலம் வைப்பார். வைத்த இடத்தில் உடனே ஈரத்துணியைப் போடுவார்.

"ஏனுங்க பாய், ஒரே பக்கமா வெச்சுட்டே போனா சீக்கிரம் முடியுமில்லீங்களா?"

"ஒரே எடத்துல சூடு காட்டுனா தகடு கோவிச்சுக்குமுங்க. அப்பறம் எத்தனை தட்டுனாலும் மூஞ்சியத் திருப்பிக்கும். உங்க ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டுப் பாருங்க, தெரியும்."

"எனக்கு எதுக்குங்க பாய் இதுல பங்கு?" என்றார் காருக்கு அடியிலிருந்து என் கணவர்.

பின்னால் ஒரு பழைய வேனின் பக்கக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். கதவுகளுக்கு மேல் தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக் ஜன்னல். சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்து, வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் பாய். காதுகுத்துக்குப் பத்து நாட்கள் இருந்தன.

இவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக இறங்கினார். நான் மகளோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். பின் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க முதுகை நிமிர்த்தினேன். உச்சந்தலையில் இரும்பு தட்டியது. வலிக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. கழுத்தைத் தாழ்த்திக்கொண்டேன். நாலு விரல் இடைவெளி திரும்ப வந்தது.

"எப்படி இருக்குது அம்மிணி?"

"நல்லா இருக்குதுங்க."

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். வீட்டில் சுவரோரம் உட்கார்ந்து நானே டேப்பால் அளந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் முப்பத்தைந்து அங்குலம். சீட்டிலிருந்து கூரைக்கும் முப்பத்தைந்து அங்குலம். அடுத்து மகளை நிற்கவைத்து அளந்தேன். முப்பத்தாறு! அதாவது இந்தக் கூரைக்குள் சீட்டின்மேல் அவளால் நேராக நிற்க முடியாது. நான் எதற்குப் பயந்தேனோ அதற்கு என் குனிந்த தலையே தடுப்புப் போட்டுவிட்டிருக்கிறது. எனக்காகக் கூரையை உயர்த்தினால் அவள் தாராளமாக எழுந்து நிற்பாள். நாற்பது வயதில் கழுத்து வலி வந்தாலும் பரவாயில்லை, இப்படியே இருக்கட்டும் என்று ஒரு மனசு. மூன்று வாரம் தட்டிய வேலையை என்னால் பிரிக்கச் சொல்ல முடியுமா என்று இன்னொரு மனசு. ஆனால் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறவளால் பிள்ளையைச் சரியாகப் பிடிக்க முடியுமா? நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கை மரத்துவிட்டது. அவள் நழுவி இறங்கி ஓடிவிட்டாள்.

மூன்றாம் நாள் இவருக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னேன்.

"ஏனுங்க, கூரை எனக்கு இடிக்குதுங்க."

"நாலு விரல் உட்டுத்தான அளந்தாரு?"

"அன்னைக்கு நான் குனிஞ்சு உக்காந்துட்டிருந்தனுங்க."

"எதுக்கு?"

"எதுத்தாப்ல மாமா இருந்தாருங்கல்ல. அதுவுமில்லாம... நான் எப்பவுமே அப்படித்தானுங்க உக்கார்றேன். உங்களவிட ஒசரமாத் தெரியக்கூடாதுன்னு."

இவர் இட்லியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "அதுக்கா குனியறே? நாலு வருஷமா உனக்குக் கழுத்துல ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டிருக்கறேன். உங்கப்பாகிட்டக் கேட்டா வருத்தப்படுவாருன்னு நான் கேக்கவே இல்ல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அன்று மாலை பட்டறைக்குப் போனோம். விஷயம் தெரிந்து மாமனாரும் வந்துவிட்டார். பாயிடம் நான்தான் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. கூரையைத் தாங்கும் கால்களின் அடியைக் கைகாட்டினார்.

"கால மூணு அங்குலம் சேத்தித்தான் உட்டிருக்கறனுங்க, உள்ள எறங்கி நிக்குது. இன்னும் முழுசாப் பத்தவெக்கல, சும்மா பொட்டு வெச்சிருக்கறேன். தூக்கிப் போடலாம்."

"முன்னயே தெரியுமுங்களா பாய்?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதானுங்க" என்றார். உடனே கார்க் கதவைத் திறந்துவிட்டார். "போய் உக்காருங்க தங்கச்சி."

எல்லோரும் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தேன். முகம் சுட்டது.

"அட, நம்ம அம்மிணி இம்புட்டு ஒசரமா!" என்றார் மாமனார்.

"கட்டிக்கறப்பவே இதே ஒசரந்தானுங்கப்பா. நடுவுல கொஞ்சம் சுருங்கீருச்சு" என்றார் இவர்.

பாப்பா நிற்பாளே என்ற கணக்கையும் பாயிடம் ஒப்பித்தேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தெட்டு. அவர் பொறுமையாகக் கேட்டார். "நிக்கற புள்ளைய உக்காரவெக்கக் கூரையால ஆகாதுங்க. நின்னா புடிச்சுக்க ஒரு கம்பி வெச்சுத் தாரேன்" என்று, முன்னால் அவள் மார்பு உயரத்துக்கு ஒரு கம்பியை வளைத்து வைத்து, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தார்.

மூன்று அங்குலம் உயர்ந்ததில் காரின் அழகு கொஞ்சம் போனது உண்மைதான். "தோசைக்கல்லு மேல குண்டாவக் கவுத்தாப்ல இருக்குது" என்றார் மாமனார். இவர் அதற்கும் சிரித்தார். பெயிண்ட் அடித்ததும் அவ்வளவு தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதுதான் சரி.

காதுகுத்து அன்று மேட்டுப்பாளையம் சாலையில் மகள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நின்றாள். பஸ்காரர்களுக்கெல்லாம் கை காட்டினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். காரமடை தாண்டும்வரை மூச்சு சரியாக வரவில்லை. அதன்பிறகு பாக்குத் தோப்புகளையும் எதிரே எழுந்த மலையையும் பார்த்தேன். இரும்பு சூடேறி உள்ளே இட்லிக் குண்டான் மாதிரி வெந்தோம். வெயிலில் இறங்கியபோது அதுவே குளிர்ந்தது. திரும்பி வரும்போது மொட்டைத் தலையும் புதுத் தோடுமாக என் தோளில் தூங்கிவிட்டாள். அவள் உட்கார்ந்த நிலையில் வண்டியில் வந்தது அன்றுதான் முதல் தடவை.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. இவ்வருடம் ஒரு புதுக் கோரிக்கை வைத்திருக்கிறாள். மழை பெய்வதைப் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டுமாம், கூரையில் ஒரு ஜன்னல் வேண்டுமாம். பாய், "ஒரு நாள் வேலைங்க, வெச்சுப்போடலாம்" என்கிறார். இவரோ, "உங்கம்மா சரின்னா சரி" என்று நழுவிவிடுகிறார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. திறக்காத கண்ணாடியாகப் பதித்தால் போதுமா? ஒரு பக்கம் வெட்டினால் இரும்பின் பலம் குறையாதா? இன்று மழை பார்க்கக் கேட்கிறவள், நாளை திறந்து தலையை நீட்டக் கேட்கமாட்டாளா? கேட்டால் எந்த வயதில் சரி என்று சொல்வது? இந்த வயதுப் பிள்ளைகளை வளர்த்துக் கடந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். காரில்லாவிட்டாலும் மொட்டை மாடியும் மாமரமும் உங்களுக்கும் இருந்திருக்கும். எப்போது எதற்குச் சரி என்றீர்கள், எதை மறுத்துவிட்டுப் பின்னால் வருந்தினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும். அவள் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.