கோல சிலாங்கூர் குன்றுக்கு வெறுங்கையோடு

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு எங்கள் ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கதவைத் தாண்டினோம். நான், ஏழு வயது ரோசி, ஐந்து வயது அந்தோணி. கணவருக்கு அன்றும் புகைக்கொட்டகையில் வேலை. மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதிலிருந்து பிள்ளைகள் வேலிக்கு வெளியே விளையாடியதில்லை. அதிகச் செலவில்லாமல் எங்கே கூட்டிப் போகலாம் என்று தொழிலாளர் லயத்தில் விசாரித்தேன். கோல சிலாங்கூர் குன்றில் பழைய பீரங்கிகள் உண்டு, குரங்குகள் உண்டு, உச்சியிலிருந்து கடல் தெரியும், எதற்கும் கட்டணமில்லை என்றார்கள்.

பக்கத்து ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் எட்டே கால் மணிக்குப் பேருந்து. எனக்கு நாற்பது காசு, பிள்ளைகளுக்குப் பாதி. தூரம் ஏறக்குறைய பதினைந்து மைல்.

எங்கே போனாலும் சோறு கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். இப்போது அது குற்றம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகத் தடை. அதனால் விடியலிலேயே பிள்ளைகளுக்கு வயிறு நிறைய ஊட்டிவிட்டு வெறுங்கையோடு கிளம்பினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழியில் சாலைத் தடுப்பு. எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு, வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். ரோசியின் கவுன் பையிலிருந்து ஒரு பவுடர் டின்னை எடுத்தார் தமிழ்க் காவலர் ஒருவர். உள்ளே வெல்லம் பிசைந்த சோற்று உருண்டைகள்.

"இது யாருக்கு?"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சீருடைக்கு முன்னால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"குரங்குக்கு," என்றாள் ரோசி.

எனக்குப் பின்னால் நின்ற மீன்காரர் சிரித்துவிட்டார். "குரங்குக்குச் சோறா? எங்க வீட்டுலயே பத்தல லா!"

"சும்மா இருங்கண்ணே." காவலர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இதுக்கு ஸ்டேசனுக்குக் கொண்டு போயிருவாங்க, தெரியுமா? அந்தா லோரியில வெள்ளக்காரத் தொரை உக்காந்திருக்காரு."

டின்னை அவர் கையிலிருந்து வாங்கினேன். அந்தோணி வாயில் ஒன்று, ரோசி வாயில் ஒன்று. மீதியை நானே அள்ளிப் போட்டுக்கொண்டேன். காவலர் தடுக்கவில்லை.

"அம்மா, அது குரங்கோடது!"

"முழுங்குடி," என்றேன்.

காலி டின்னை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். என் அடையாள அட்டையைத் தரவில்லை. "இது இங்க இருக்கட்டும். நீங்க திரும்பி வர்றீங்களான்னு பாக்கணும். அஞ்சு மணிக்கு என் டியூட்டி முடிஞ்சிரும். அதுக்குள்ள வந்துருங்க."

அட்டை இல்லாத ஆளை யார் வேண்டுமானாலும் பிடித்து அடைக்கலாம். வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று தயங்கினேன். பிள்ளைகள் அதற்குள் பேருந்தில் ஏறிவிட்டார்கள்.

பத்து மணிக்குக் குன்று ஏறினோம். நல்ல நிழலான பாதை. சின்னக் கால்களுக்குக் கடினமில்லை. அந்தோணி பீரங்கி மேல் குதிரைபோல் உட்கார்ந்துகொண்டான். சாம்பல் நிறக் குரங்குகள் இறங்கி வந்தன. அவற்றின் குட்டிகள் மட்டும் பழுத்த ஆரஞ்சு நிறம். ரோசி கொழுந்து இலைகளைப் பறித்து நீட்டினாள். ஒரு தாய்க் குரங்கு பொறுமையாக வாங்கித் தின்றது. தூரத்தில் கடல் சேற்று நிறத்தில் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க மனமில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. இரண்டு போலீஸ்காரர்கள்.

"வாங்க, ஒளிஞ்சு விளையாடலாம்," என்று பிள்ளைகளை ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் இழுத்தேன். அந்தோணிக்குச் சிரிப்பு பொங்கியது, வாயைப் பொத்தினேன். அவர்கள் நின்று, சிகரெட் பற்றவைத்து, நிதானமாகப் பிடித்து முடித்துவிட்டு இறங்கினார்கள்.

"இன்னொரு தடவ, அம்மா!" என்றான் அந்தோணி.

மூன்றரை மணிப் பேருந்து வரவில்லை. அடுத்ததைப் பிடித்துத் தடுப்புக்கு வந்தபோது ஐந்தைத் தாண்டிவிட்டது. காலையில் இருந்தவர் போய்விட்டார். மேசையில் ஒரு மலாய்க் காவலர். இப்போது வாயைத் திறக்காவிட்டால் பிள்ளைகள் தனியாகத்தான் வீடு போக வேண்டும்.

"துவான், காட் சயா," என்றேன். ஐயா, என் அட்டை என்று கேட்டதுதான். எங்கே போய் வந்தாய் என்று அவர் மலாயில் கேட்டார். குன்றுக்கு, பிள்ளைகளோடு விளையாட, என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரோசியையும் அந்தோணியையும் பார்த்தார். அட்டையை நீட்டினார். வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

ஊரடங்குக்குச் சற்று முன்பு தோட்டத்து வாசலை அடைந்தோம். குன்றில் வேலியே இல்லை. யாருக்கும் அது நல்ல இடம். போகிறவர்கள் கிளம்புமுன் பிள்ளைகளின் பைகளைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் லயத்து வாசலில் ரோசி புதிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கினாள். பிள்ளைகள் வரிசையாகக் கைகளைத் தூக்கி நிற்க வேண்டும். அவள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பாள். அந்தோணி எல்லாருக்கும் முன்னால் நின்று, கையை மிக உயரத் தூக்கிக்கொண்டு சிரித்தான். காசு செலவில்லாத விளையாட்டுதான். ஆனாலும் இருட்டுமுன்பே அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.