நாசில் கழுவும் தொட்டியில் உளுந்து

வியாசர்பாடியில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் கிருமியை நம்பிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தாய் மலர்க்கொடி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்திகளைக் கொதிக்கவைத்துக் கிருமியைக் கொல்பவர். மகள் எழில்மொழி திருவொற்றியூரில் ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்ப்பவள்.

"நான் கொதிக்கவெச்சி சாவடிக்கிறேன், நீ சோறு போட்டு வளக்கற. வெளங்குமா இந்த வூடு?" என்பார் மலர்க்கொடி.

உண்மையில் மகளும் கொல்பவள்தான். முதலில் விருந்து வைப்பாள், அவ்வளவே.

மண்ணில் ஒரு கிருமி உண்டு. செடியில் காயம்பட்ட இடமாகப் பார்த்து நுழைந்து, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடிக்குள் செருகிவிடும். துறைமுக லாரி மாதிரி அதற்கு உள்ளே போகும் வழி தெரியும்; சரக்கை மட்டும் நாம் மாற்றி ஏற்றினால் போதும். எழில்மொழி ஏற்றியது உப்புத் தண்ணீரைத் தாங்கும் மரபணு. சரக்கு இறங்கியதா என்று சோதிக்க, இலையில் நீலம் காட்டும் மரபணு இன்னொன்று. இறக்கி முடித்ததும் லாரியை மருந்து வைத்துக் கொன்றுவிட வேண்டும். விட்டால் செடியையே மூடிவிடும்.

புகையிலை இந்த லாரிக்கு எப்போதும் கேட்டைத் திறந்து வைத்திருக்கும். உளுந்து திறக்காது. ராத்திரியோடு ராத்திரியாக மாவில் எந்தக் கிருமியையும் பொங்கவிடுகிற அதே உளுந்து, ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் ஆசாரம் பார்க்கும். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மார்ச்சுக்குள்ள ஒரே ஒரு செடி காட்டுங்க எழில். இல்லன்னா உளுந்தை மூடிட்டுப் புகையிலைக்கு மாறிடலாம்" என்றார் டைரக்டர் சுப்புராயன். அது 2002 பொங்கல் முடிந்த வாரம்.

"உப்புத் தண்ணி தாங்கற புகையிலை யாருக்கு சார்?"

"நம்ம கட்டுரைக்கு."

காதுக்கு எட்டாத ஒலியலை பாயும் தண்ணீரில் விதையைப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத காயங்கள் விழும், கிருமி சுலபமாக நுழையும் என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் எழில்மொழி படித்திருந்தாள். கம்பெனியில் அந்த மெஷின் இல்லை. கேட்டால் வரும், மார்ச்சுக்கு அப்புறம். ஆனால் அவள் பஸ் மாறும் தண்டையார்பேட்டையில், தாமோதரனின் பட்டறையில் அது தினமும் ஓடிக்கொண்டிருந்தது. லாரி, விசைப்படகு எஞ்சின்களில் டீசலைப் பீய்ச்சும் நாசிலைத் தொட்டித் தண்ணீரில் போட்டு ஸ்விட்சைத் தட்டினால், தேனீக்கூட்டம் மாதிரி இரைந்து, கரியெல்லாம் புகையாகக் கழன்று வரும்.

"இன்னாமா, நெதிக்கும் நின்னு பாத்துகினு போற. எதுனா தொலைச்சிட்டியா?" என்றார் தாமோதரன்.

"இந்த மிசின ஒரு நாளைக்குக் குடுப்பியாண்ணே? உளுந்துக்கு வேணும்."

"உளுந்து கழுவ குண்டான் போதாதா?"

"கழுவ இல்லண்ணே. கிருமி ஏத்த."

தாமோதரன் தொட்டியை மூடினார். "அழுக்கு எடுக்கத்தான் நான் மிசினு வெச்சிகினு கீறேன். நீ ஏத்தறேன்ற. அதெல்லாம் வெளிய அனுப்பறதில்லமா."

"கிருமிய நான் வெளிய எடுத்தார முடியாது. நீயும் கூட வந்துடுண்ணே."

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு தாமோதரன் ஆட்டோவில் வந்து இறங்கினார். தூசி நுழையாத அறைக்குள் டீசல் வாசனை முதன்முதலாக நுழைந்தது. தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மெஷின்காரருக்கு வெள்ளைக் கோட்டும் முகமூடியும் மாட்டிவிட்டாள். மூடிய குழாயில் கிருமித் தண்ணீரும் ஊறிய உளுந்தின் முளையும். அவள் அடுத்த குழாயை எடுக்கத் திரும்பிய நேரத்தில், தாமோதரன் பழக்கதோஷத்தில் டைமரைத் திருகிவிட்டார்.

குழாயில் மிஞ்சியது கூழ்.

"நாசிலுக்குப் போடற டைம்தான் போட்டேன்."

"நாசிலு இரும்புண்ணே. இதுக்கு அர நிமிசம் தாங்காது."

"அர நிமிசத்துக்கா ஆட்டோ வெச்சி வந்தோம்?"

மற்ற குழாய்களுக்கு அவளே டைமர் வைத்தாள். பிறகு வழக்கமான காத்திருப்பு. கிருமியைக் கொன்றாள், சரக்கு இறங்காத முளைகளையும் கொல்லும் மருந்தில் எல்லாவற்றையும் நட்டாள். தட்டுத் தட்டாக வெளுத்துச் செத்தன. மார்ச் பாதியில் பச்சையாக நின்றது ஒன்றே ஒன்று, மூன்று இலைகளோடு.

சும்மா தப்பிப் பிழைத்த செடியாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள ஓர் இலையை வெட்டிக் கொன்றாக வேண்டும். வெட்டியதில் செடியே வாடிவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. வெட்டாவிட்டால் காட்டுவதற்கு அர்த்தம் இருக்காது. எழில்மொழி இரண்டு முறை கத்தியை எடுத்தாள், இரண்டு முறை வைத்தாள். மூன்றாம் முறை, இருப்பதிலேயே சின்ன இலையை வெட்டிச் சோதனை மருந்தில் போட்டாள்.

மறுநாள் காலை இலை நீலமாக இருந்தது. செடி வாடவில்லை.

சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். "மை கொட்டினது இல்லையே?"

"இல்ல சார்."

"அப்ப புகையிலை விதைய ஃப்ரிட்ஜிலயே வச்சிடுங்க."

மலர்க்கொடிக்கு ஒரே கவலை. "இட்லி நீலமா வருமா?" வெட்டிப் போட்ட இலையில் சோதித்தால்தான் நீலம் என்று கேட்டதும், "அப்ப சரி" என்று மாவு கரைக்கப் போனார்.

கம்பெனி சொந்த மெஷினுக்கு அனுமதி கொடுத்தது; அது வந்து சேரும்வரை ஞாயிறுகளில் தாமோதரனே வந்தார், கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு. திங்கட்கிழமை பட்டறையில், நாசில் சரியாகச் சுத்தமாகவில்லை என்று முணுமுணுத்த விசைப்படகு முதலாளியிடம் சொன்னார்:

"யோவ், உளுந்துக்கே ஆபரேசன் பண்ண மிசின்யா இது. உன் நாசிலு இன்னா கேக்குது?"