மாமியாரின் காய்ச்சலும் மச்சானின் பதினெட்டாம் குழியும்

என் மச்சானின் கோல்ஃப் வாழ்க்கையை வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டுமென்றால், என் மாமியாருக்கு நான் வரவழைத்த காய்ச்சல்களைத்தான் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் காய்ச்சல் என்றால் அந்தப் போட்டியில் அவன் பாதியிலேயே வெளியேறிவிட்டான் என்று பொருள். நான்கு நாள் காய்ச்சல் என்றால் கடைசிவரை ஆடினான். காய்ச்சலோடு வாந்தியும் சேர்ந்துகொண்ட வருடம், முதல் பத்துப் பேரில் ஒருவனாக வந்தான்.

மாமியார் உண்மையில் ஒருநாள்கூடப் படுத்தவர் அல்ல. கோவளத்தில் கரையேறும் மீனைக் கூடையில் வாங்கி, உப்பளத்து ஓரமாகவே கேளம்பாக்கம் வரை நடந்து விற்றுவிட்டு, நடந்தே திரும்புகிறவர். அவருக்குத்தான் நான் லீவு லெட்டரில் நாடி விழ வைத்தேன். எழுபதுகளில் நான் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மச்சானின் கோல்ஃப் மட்டைப் பையைத் தூக்க மெட்ராஸ் போக வேண்டுமென்றால் லீவு வேண்டும். லீவுக்கு ஒரு காரணம் வேண்டும். "கோல்ஃப்" என்று எழுதினால் மேலதிகாரி என்னைத்தான் டாக்டரிடம் அனுப்பியிருப்பார்.

என் பஸ்ஸில் விஞ்ஞானிகள் தூங்கிக்கொண்டு வருவார்கள். அவ்வளவு பதமாக ஓட்டுவேன். நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் ஒரு கோழியைக்கூட மோதாதவன். ஆனால் அந்தக் கோல்ஃப் பையின் வாரைத் தோளில் மாட்டினால் போதும், பயம் வந்து ஒட்டிக்கொள்ளும். பரம்பரை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவர். அலையைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். அதனால்தான் செங்கல்பட்டு ரயிலடியில் மூட்டை தூக்கப் போனார். மகன் வேறு மாதிரியான மூட்டையைத் தூக்கினேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. எங்கள் கல்யாணம் நடந்தபோது அவன் மெட்ராஸில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் மிஷின் தள்ளிக்கொண்டிருந்தான். சாயங்காலம் துரைமாரெல்லாம் வீட்டுக்குப் போனபின், யாரோ வீசியெறிந்த ஒரு மட்டையால் பந்தை அடித்துப் பார்த்திருக்கிறான். அதன் பிடி கிழிந்திருந்தது. வலை பின்னுகிற நூலைச் சுற்றிச் சரிசெய்து, ஒரு லீவு நாளில் கோவளத்துக்கே கொண்டுவந்தான். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் மணலில் நின்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு பந்தை அடித்தான். அது தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. அக்கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பொறுக்கி, என்னமோ ஏதோ என்று இந்தப் பக்கம் திருப்பி எறிந்தார்கள். பாதித் தண்ணீரில் விழுந்தது. அப்போதுதான் அவன் எவ்வளவு தூரம் அடித்திருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிந்த அவனுடைய முதல் சாதனை அதுதான். எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

பிறகு மிஷினை விட்டுவிட்டுப் பை தூக்கினான். பை தூக்குகிறவர்களுக்கென்று வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் ஆட்டத்தில் ஜெயித்தான். தொழில்முறை ஆட்டக்காரனாவதற்கான பரிட்சையில் இரண்டாம் தடவை தேறினான். கிளப் மெம்பர்கள் கழித்துப் போட்ட ஏழு மட்டைகளோடு தேறினான். மற்றவர்களிடம் பதினான்கு இருந்தன. "ஏழு பத்தலையா?" என்று கேட்டேன். "பத்தாம என்ன மாமா, ஒண்ண ரெண்டு வெதமா அடிச்சா பதினாலு ஆச்சி" என்றான்.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்றால், அதற்குக் காரணம் பெங்களூரில் நடந்த ஒரு போட்டி. மூன்றாம் நாள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவனிடம், பை தூக்கிய சிநேகிதன் ஆசையாக ஓடிவந்து, "அண்ணாத்த, நீ மூணாவதா கீற" என்று சொல்லிவிட்டான். அடுத்த பந்து மரத்துக்குள் போயிற்று. அதற்கடுத்ததும் அதே மரம். ஊர் திரும்பியவன் நேரே செங்கல்பட்டுக்கு வந்தான்.

"போர்டு பாத்துகினு வந்து சொல்றவன் எனுக்கு வாணாம் மாமா. ஆட்டமே தெரியாத ஆளு ஒருத்தன் வேணும். அக்கா சொல்லுது, உனுக்கு ஒண்ணுமே தெரியாதாம்."

"எதப் பத்திச் சொன்னா?"

"பொதுவா சொல்லிச்சி."

சமையலறையிலிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.

அவன் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுமரத்தை அலையில் தள்ளுகிறவனைப் பார்த்து எங்கே, எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. திரும்பி வரும்போது மரம் மணலில் ஏறி நிற்கும்வரை மீனை எண்ணுவதும் இல்லை. கரையில் கூடையோடு காத்திருக்கும் பெண்கள்கூட "எவ்ளோ" என்று வாயைத் திறக்க மாட்டார்கள். கரையை ஒட்டிய கடைசி அலையில் மரம் கவிழ்வதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மச்சான் இந்த வழக்கத்தை அப்படியே புல்தரைக்குக் கொண்டுபோனான். கடைசியான பதினெட்டாவது குழியில் பந்து விழுந்து முடியும்வரை, அடிகளைக் குறிக்கும் தன் அட்டையைக் கூட்டிப் பார்க்க மாட்டான். மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்க மாட்டான். ஆட்டக் கணக்கைச் சாக்பீஸால் எழுதும் கரும்பலகை வழியில் வந்தால் தலையைக் குனிந்துகொள்வான், பெரியவர்கள் எதிரே வந்தால் ஒதுங்குகிற புதுப்பெண் மாதிரி.

அவன் எதைக் கேட்டாலும் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. இதுதான் என் வேலை. முதல் இரண்டு வருடம் பிரமாதமாகச் செய்தேன், ஏனென்றால் ஒன்றுமே புரியவில்லை. கெட்ட காலம், மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. கரும்பலகையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று. விஷயம் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது. வயிற்றுக்குள் ஒரு விசில் மாட்டிக்கொண்டு ஊதிக்கொண்டே இருப்பது மாதிரி.

எழுபதுகளின் கடைசியில் அவனுக்கு முப்பத்தைந்து வயது. ஆறு வருடமாகத் தொழில்முறையில் ஆடியும் ஒரு போட்டியைக்கூட ஜெயிக்கவில்லை. அவன் புல்வெட்டிய அந்த மைதானத்தில் மெம்பர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற கோச், வயதாகி விலகப்போகிறார் என்று தெரிந்தது. அந்த இடம் மச்சானுக்கா, வெளியூர் ஆளுக்கா என்று கமிட்டியில் பேச்சு. செக்ரட்டரி, ஒரு ரிட்டயர்டு ராணுவக்காரர், அவனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு போட்டியாவது ஜெயித்தவன் என்று சொல்ல முடிந்தால் அவனுக்காக வாதாடுவேன், இல்லாவிட்டால் புல்வெட்டும் வேலைதான் மறுபடியும் தரமுடியும் என்றார்.

"மிஷினு தள்றது ஒண்ணும் கேவலமில்ல மாமா" என்றான் என்னிடம். "ஆனா இந்த முதுவு தள்ளாது."

அதே மைதானத்தில் அடுத்து நடந்த போட்டிக்கு நான்கு நாள் காய்ச்சல் போட்டேன். அதில் நான்காம் நாள் பிற்பகல்தான் நான் சொல்ல வந்தது.

பதினேழாவது குழியிலிருந்து பதினெட்டுக்கு நடக்கிற வழியில் கரும்பலகை இருந்தது. மச்சான் வழக்கம்போலக் குனிந்துகொண்டு கடந்தான். நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவனுக்குப் போட்டியாக இருந்த வடக்கத்தி ஆட்டக்காரர் முன்பே ஆடி முடித்துவிட்டார். குறைந்த அடியில் முடிப்பவன் ஜெயிக்கிற ஆட்டம் இது; மச்சான் ஒரு அடி முன்னால் இருந்தான். கடைசிக் குழியை ஐந்து அடியில் முடித்தால் ஜெயித்துவிடுவான். ஆறு என்றால் சமன். ஏழு என்றால் மிஷின்.

பதினெட்டாவது, அடிக்கத் தொடங்குகிற இடத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கிற குழி. குழி இருக்கிற கிரீனுக்கு முன்னால் ஒரு குட்டை. முதல் அடியை நன்றாகவே அடித்தான். இரண்டாவது அடிக்கு இரண்டு வழி. சின்ன மட்டையால் குட்டைக்கு இந்தப் பக்கமே தட்டி வைத்துவிட்டு, மூன்றாவதில் நோகாமல் தாண்டலாம். அல்லது பெரிய மர மட்டையால் ஒரே வீச்சில் தண்ணீரைத் தாண்டப் பார்க்கலாம். தாண்டினால் பெருமை. தாண்டாவிட்டால் ஒரு அடி அபராதம்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. பந்து துடைக்கிற துண்டின் ஓரத்தை மென்றுகொண்டிருக்கிறேன் என்பது வாயில் புல் ருசி வந்தபோதுதான் தெரிந்தது. பையில் இருக்கும் ஏழு மட்டைகளை எண்ணினேன். ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினேன், பதினொன்று. சின்ன மட்டையைக் கேள், சின்ன மட்டையைக் கேள் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியிடமும் கேட்டேன். கோவளம் தர்காவையும் மாதா கோயிலையும்கூட விடவில்லை.

மச்சான் கொஞ்சம் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டான். கையை நீட்டினான்.

"மாமா, பெர்ஸ்ஸா கீது பாரு மரத்துது, அத்தக் குடு."

"இன்னாத்துக்கு?" என்றேன்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே கேட்டது. இத்தனை வருடத்தில் நான் கேட்ட முதல் 'எதற்கு'. தள்ளிக் கிளம்புகிற கட்டுமரத்தின் முன்னால் போய்க் குறுக்கே நின்று கேட்டமாதிரி. அவன் கை நீட்டியபடியே நின்றது. மெதுவாக என் முகத்தைப் பார்த்தான். என் முகம் எதையும் ஒளித்துவைக்கத் தெரியாத முகம். கல்யாணத்துக்கு முன்பு பெண் பார்க்கப் போனபோதே அவன் அக்கா கண்டுபிடித்தது அது.

"ஓ" என்றான். "நான் முன்னால கீறன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே மச்சான்."

"நீ சொல்லல. உன் மூஞ்சி சொல்லிகினு கீது."

பையின் மேலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. பெங்களூர் மரம் கண்முன் வந்தது. அவனுடைய ஆறு வருடத்தையும் ஒரே வார்த்தையில் நான் தண்ணீரில் தள்ளிவிட்டேன். கூட ஆடிய இரண்டு பேரும் தங்கள் பந்துகளுக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்தார்கள். நேரமாகிறது என்று ஒருவர் செருமினார்.

மச்சான் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான். அவன் கைவிரல்களை மூடி மூடித் திறப்பதைப் பார்த்தேன். அவனுக்கும் பயம் இருந்தது. எனக்கு அது அதுவரை தெரியாது. பயப்படுவது நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சின்னது எடுக்கட்டா?" என்றேன். "பொறுமையா போலாம் மச்சான். இப்பிடி ஒரு தட்டு, அப்பிடி ஒரு தட்டு."

அவன் குட்டையைப் பார்த்தபடியே கேட்டான்.

"உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்ன நான் இன்னா கேட்டேன்?"

"பெருசு."

"அப்போ அத்தான். காத்து அதுக்குத்தான் அடிக்கிது. நீ வேர்க்கறதுக்கோசரம் காத்து மாறுமா? குடு."

கொடுத்தேன். பையிலிருந்து மட்டையை உருவும்போது அதன் தலையில் மாட்டிய உறையோடு கொடுத்தேன். அவனே உறையைக் கழற்றி என் தோளில் போட்டான். அந்த நேரத்தில் அவனால் எப்படி அப்படி நிதானமாக, துவைத்த துணியைக் கொடியில் போடுகிற மாதிரி அதைப் போட முடிந்தது என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. அவன் பயத்தை வெல்லவில்லை. அதை அது பாட்டுக்கு ஒரு பக்கம் நிற்க விட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். எனக்குப் பயம் வந்தால் அது உட்காரும், நான் அதற்கு நாற்காலி போடுவேன்.

அவன் பந்துக்கு முன்னால் நின்றான். நான் திரும்பிக்கொண்டேன். ஒரு வேப்பமரம் இருந்தது. அதில் ஒரு காக்கை. அந்தக் காக்கையைப் பற்றி எது கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.

'டப்' என்று சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் விழுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, கிரீனைச் சுற்றி நின்ற கொஞ்சம் பேரிடமிருந்து, வெயிலில் நெடுநேரம் நின்றவர்களுக்கு மோர் கொடுத்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. செருமினவர் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டினார்.

பந்து கிரீனில் கிடந்தது. இரண்டு தட்டில் உள்ளே போனது. நான்கு அடி. ஐந்தே போதும் என்ற இடத்தில் நான்கு.

செக்ரட்டரி கிளப் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தார். அதுவரை மச்சானுக்காக அவர் படியிறங்கி நான் பார்த்ததில்லை. கையைக் கொடுத்தார். கமிட்டியில் இனி யாரும் வாய் திறக்க முடியாது, முதல் தேதியிலிருந்து நீதான் இங்கே கோச் என்றார். மச்சான் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டுதான் கொடுத்தான். "வர்றன் சார்" என்றான். அவ்வளவுதான். அழுவான் என்று எதிர்பார்த்தேன். அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன், துண்டு கையில்தானே இருந்தது.

கோவளம் பஸ்ஸுக்காக நிற்கும்போது பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் நின்றவர் ஏதோ மீன்பிடிக்கிற சாமான் என்று நினைத்து அதை எட்டிப் பார்த்தார். எனக்குப் பேச்சு திரும்ப வந்திருந்தது. நான் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்ற தோரணையில் கால்மேல் கால் போடக்கூட முயன்றேன், நின்றுகொண்டிருந்ததால் முடியவில்லை.

"மாமா" என்றான். "அந்த அடிய பாத்தியா?"

"பாக்காம? அதுக்குத்தான வந்தேன்."

"எப்டி போச்சி?"

"அம்பு மாதிரி மச்சான். நேரா."

அவன் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் மட்டும் அசைந்தது.

"நேரா போவல மாமா. பக்கத்துலருந்து கடக்காத்து வருது இல்ல, அதுக்குள்ள ஓரமா தூக்கி உட்டேன். தண்ணிக்கு வெளிய போற மாதிரியே போயி, காத்து தள்ளித் திரும்பி வந்துது. என் ஜென்மத்துல அப்பிடி ஒண்ணு அடிச்சது இல்ல. இனியும் அடிப்பனான்னு தெரியாது."

நான் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தேன்.

"வேப்பமரத்துல இன்னா இருந்துது?" என்றான்.

"காக்கா" என்றேன்.

பஸ் வந்தது. பையை அவன்தான் தூக்கினான்.