பனிச்சங்கேணியிலிருந்து வெறுமையாக வந்த லொறி

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுதலை வந்தால் புளியந்தீவில் பெரியப்பாவிடம் போய்விடுவேன். அவர் ஒரு நெல் ஆலையில் லொறி ஓட்டினார். ஆலைகள் நெருங்கிய அந்தப் பக்கத்தில் காற்றே உமித்தூசிதான். சோற்றிலும் எண்ணெய்ப் புகை மணக்கும். ஆனாலும் ஊர் பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது. காலையில் நெல் ஏற்ற லொறி புறப்படும்போது நானும் ஏறிக்கொள்வேன். ஒருநாள் ஏறாவூர், இன்னொருநாள் தென்னந்தோப்பும் கடலுமாக ஏதோ ஓர் ஊர். இளநீர் குடித்து, குளித்து, ஆலைச் சங்கு ஊதுமுன் திரும்பிவிடுவோம்.

அன்றைக்குப் பனிச்சங்கேணி. உச்சி வெயில். நெல்லோடு நிற்க வேண்டியவர்கள் ஒருவரையும் காணவில்லை. பெரியப்பா ஆள் தேடிப் போக, நான் தெருவில் நடந்தேன். எல்லா வீட்டு வாசல் படலையிலும் வேப்பங்குலை கட்டியிருந்தது. திருவிழா என்று நினைத்தேன். ஆனால் மேளமும் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை. சமைக்கிற நேரத்தில் ஒரு வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசம் வரவில்லை. ஒரு நாய் என்னைப் பார்த்தது; குரைக்காமல் தலையை மறுபடி மண்ணில் வைத்துக்கொண்டது.

கிடுகு வேலிக்குப் பின்னால் ஒரு சிறுமியின் குரல்.

“லொறியிலயா வந்தாய்?”

“ஓம்.”

“எங்கட அம்மா உங்கட ஆலையிலதான் தங்கி நெல் அவிக்கிறா. கன்னத்தில பெரிய மச்சம். தெரியுமா?”

தெரியும். என் கூச்சத்தைப் பார்த்து ‘வாயில்லா மாப்பிள்ளை’ என்று கேலி பண்ணுகிறவள்.

“அவவ வரச்சொல்லு. மாமி ரெண்டு நாளா எழும்புறா இல்ல. கூப்பிட்டாலும் பேசுறா இல்ல.”

கிடுகு இடுக்கால் நான்கு விரல்கள் வெளியே வந்தன. சவ்வரிசி ஒட்டியது போல விரலெல்லாம் கொப்புளம்.

“சொல்லுவியா?”

சொல்லுறன் என்றேன். விரல்கள் உள்ளே போகவில்லை.

பெரியப்பா ஓடிவந்து என் பிடரியைப் பிடித்தார். “ஆரோட கதைச்சாய்?” நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“அம்மாள் வந்த வீட்டுச் சேதியச் சுமந்துகொண்டு போனா, அம்மாளும் கூட வருவா. ஆலையில எத்தின சனம் கிடக்கு! வாயத் திறக்காத. பின்னால கிறுகிப் பாராம ஏறு.”

வெறும் லொறி, சுமை ஏற்றியது போல முனகிக்கொண்டு ஓடியது. பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. வழி முழுவதும் பெரியப்பா பக்கக் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. ஆலை வாசலிலேயே நிறுத்தி என் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் காலை அந்தச் சிறுமியின் அம்மா களத்தில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“வாயில்லா மாப்பிள்ளை, நேத்து எங்கட ஊருக்காமே போனீங்க? என்ட மகளைக் கண்டாயா?”

எனக்குப் பின்னால் வெற்றுக் களம்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்கப் பயம். இல்லை என்று தலையாட்டினேன்.

“எங்க காணுறது! வீட்டில நிக்கமாட்டாளே, குரங்கு. விளையாடப் போயிருப்பாள்,” என்று சிரித்தாள்.

ஆலை முழுவதையும் நான்தான் காப்பாற்றினேன் என்று அன்று பெருமையாக இருந்தது. இரண்டு நாளாக எழும்பாத மாமியை இனி யாரும் எழுப்ப முடியாது என்பதும், அந்த வேலிக்குள் அந்தச் சிறுமி தனியாகத்தான் இருந்தாள் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை.