ஏழாம் நம்பர் சட்டையின் கறை

இந்தக் குளிர்தேசத்தில் என் பிழைப்பு, பளிச்சென்று இருக்கும் படத்தை மங்க வைப்பது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். பழைய காலத்து விளையாட்டுச் சட்டைகளை விற்கும் ஒரு கம்பெனியின் இணையதளத்தை வடிவமைப்பவன் நான். பின்னணி வெள்ளையாக இருக்கக் கூடாது, பழுப்பேறிய காகித நிறம் வேண்டும். எழுத்து பழைய மேட்ச் நோட்டீஸ் போல லேசாக மை பரவியிருக்க வேண்டும். சட்டையை ஆணியில் மாட்டி, கை மடங்கியது மடங்கியபடியே படமெடுக்க வேண்டும். தள்ளுபடி, சீக்கிரம் வாங்குங்கள் என்ற கூச்சல் எங்கேயும் கிடையாது. கீழே இரண்டே வரி: யார் போட்டது, எந்த மைதானத்தில் ஆடியது. வாங்க வருகிறவர்கள் இதில் சொக்கிப் போகிறார்கள். படத்தைப் பெரிதாக்கி எங்கே போய் நிற்கிறார்கள் தெரியுமா? கிழிசலில், கறையில்!

எங்கள் ஊரான முதலமடைப் பக்கம் துணிக்கடைக்காரர் சட்டையை உதறி நம் தோளில் போட்டுவிட்டு, வாசல் வெளிச்சத்துக்கே இழுத்துப் போவார். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அம்மா முகத்தைச் சுளித்துவிடுவாள். பழைய சட்டைக்கு எங்களிடம் ஒரே ஒரு வேலைதான் உண்டு, மாங்காய் பறிப்பு. காம்பு ஒடிந்ததும் பீச்சுகிற பால் தோலில் பட்டால் வெந்துவிடும், துணியில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. அதனால் சீசன் வந்தால் இருப்பதிலேயே பழசாக ஒன்றைத் தேடி எடுப்போம். என் அண்ணன் உள்ளூர் வாலிபால் டீமில் ஏழாம் நம்பர். டீம் கலைந்ததும் அந்த நீலச் சட்டை தோப்புச் சட்டையாகிவிட்டது. தோப்பு எங்களுடையதுதான். ஆனாலும் ஆட்களோடு ஆளாக நின்று லாரியில் மாங்காய் ஏற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

முகப்புப் பக்கத்துக்கு நிஜமான ஒரு மனிதர், நிஜமான ஒரு சட்டை வேண்டும் என்று என் மேலாளர் ஹெலன் ஒருநாள் கேட்டாள். அண்ணனிடம் சட்டையை அனுப்பச் சொன்னேன். அதற்குள் என் செல்லில் இருந்த பழைய படம் ஒன்றை ஹெலனிடம் காட்டிவிட்டேன். லாரிக்குப் பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க நிற்கும் அண்ணன், நெஞ்சில் ஏழு, அதன்மேல் வழிந்து காய்ந்த மாங்காய்ப் பால். "லவ்லி! லவ்லி!" என்று கறையைத்தான் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அன்றைக்கே முகப்புப் பக்கத்தில் ஏற்றினோம். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. கூடப்பிறந்தவர்தானே என்ற மெத்தனம்.

நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"தம்பீ, உங்க கம்பெனியில நீ போட்ட என் படத்தை யாரோ செல்லுல அனுப்பி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்துட்டாங்கடா. பொண்ணோட அப்பா தோப்புக்காரருன்னீங்க, கூலியாளாட்ட நிக்கறாரேன்னு தரகர்கிட்ட கேட்டாங்களாம். ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றதா இருந்தாங்க. இப்ப யோசிச்சுச் சொல்றாங்களாம்."

"அய்யோ, தெரியாம பண்ணிட்டனுங்ணா."

"படம் நெம்ப நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தச் சட்டையப் போட்டுட்டு நான் நம்மூரு டீக்கடைக்குக்கூடப் போனதில்ல கண்ணு. நீ ஒலகத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டியே."

திட்டியிருந்தால் தேவலை. எனக்குக் கூச்சத்தில் உடம்பே எரிந்தது. ஹெலனிடம் போய், அண்ணன் சங்கடப்படுகிறார், படத்தை எடுத்துவிடலாம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "அது உழைப்பின் அடையாளம், அவர் பெருமைப்பட வேண்டும்" என்றாள். எங்கள் ஊரில் நாலு பேர் முன்னால் அழுக்குத் துணியோடு நிற்க மாட்டோம் என்று சொன்னேன். யோசித்துவிட்டு, "சம்மதக் கடிதம் ஒன்று அவருக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். அவள்மேல் குற்றமில்லை. நானே எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி எடுத்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கம் அது. அதற்கப்புறம் முகப்பு வேலையை ஹெலன் என்னிடம் தரவில்லை. போகட்டும்.

பத்து நாள் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்தால் அண்ணனின் சட்டை, வெளுத்து, மடிப்புக் கலையாமல், விபூதிப் பொட்டலத்தோடு. நெஞ்சில் கறை இல்லை. ஏழாம் நம்பரைக்கூடப் புது நூலால் தைத்திருந்தார்கள். சோப்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. எனக்கோ சப்பென்று ஆகிவிட்டது. சட்டையைத் திருப்பினேன், உதறினேன், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். உள்பக்கம், அக்குள் தையலின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை தப்பிப் பிழைத்திருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு! அப்புறம்தான் உறைத்தது, என் இணையதளத்துக்கு வருகிறவர்களைப் போலவே நானும் அண்ணன் சட்டையில் கறையைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது.

செல் அடித்தது. அண்ணன்தான். குரலில் சிரிப்பு.

"வந்தாங்கடா. பொண்ணைப் புடிச்சிருக்குதுன்னுட்டாங்க. வெள்ளை வேட்டி கட்டி வாசல்லயே நின்னேன், பாத்துக்க. சட்டை வந்துச்சா? உங்கண்ணி மண்ணெண்ணெய் வெச்சு மூணு நாள் மல்லுக்கட்டுனா. கறை போயிருச்சா?"

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை அந்தக் கறையின்மேல் வைத்துக்கொண்டே சொன்னேன்:

"சுத்தமாப் போயிருச்சுங்ணா."