அழித்தும் குறையாத டிஸ்க்

"…அழிச்சாச்சு எண்டும் சொல்லுறீர், குறையேல்லை எண்டும் சொல்லுறீர். அப்ப அழிச்சதெல்லாம் எங்க தம்பி போனது?"

கேட்டவர் செல்வண்ணை. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி மொத்தமாகக் கொடுப்பவர். அவருடைய சர்வரை நான் பார்த்துவந்தேன். இந்த வேலையை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. பழுதாக்கிப் பழுதாக்கித்தான் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சர்வருக்குள் ஒரு வெர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளாக இன்னொரு கணினி, ஓடியது. ஓடர் எல்லாம் அதில்தான். லீஃபர்ஷைன், அதாவது சாமானோடு போகும் சீட்டும் அதிலிருந்துதான் அச்சாகும். சீட்டு இல்லாமல் வான் வெளிக்கிடாது. அண்ணையோ அகதியாக வந்த காலத்தில், போன அலுவலகமெல்லாம் ஏதாவதொரு பழைய கடிதத்தைக் கேட்டு அலைக்கழித்ததில் சூடுபட்டவர். "கேக்கேக்க இல்லையெண்டு நிக்கக்கூடாது" என்பார். அதனால் ஒவ்வொரு பின்னேரமும் ஓடர்களை முழுவதுமாக, அந்த மெஷினின் டிஸ்கிலேயே, இன்னொரு பிரதி எடுத்து வைப்பார். சர்வரில் ஒரு கோப்பாகக் கிடக்கும் அந்த டிஸ்க் நானூறு ஜிபிக்கு வீங்கிவிட்டது.

"அண்ணை, இது குப்பை சேர்க்கிற வேலை" என்று மூன்று கிழமை மன்றாடி, அழிக்கச் சம்மதம் வாங்கினேன். அழித்தேன். மெஷினுக்குள் இருநூற்றைம்பது ஜிபி காலி. வெளியே சர்வரில் பார்த்தால் அதே நானூறு. அப்போதுதான் அண்ணை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுச் சாமானை வெளியில எடுத்தாப்போல சுவர் உள்ளுக்கு வராது அண்ணை. காலியிடத்தைப் பூச்சியத்தால நிரப்பிப்போட்டுத்தான் சுருக்கவேணும். அப்பதான் எது காலியெண்டு சர்வருக்குத் தெரியும்."

"குறைக்கிறதுக்கு நிரப்பப் போறீரோ?"

"ஓம்."

"இது ஆரோ ஜெர்மன் அலுவலகத்தில இருந்து கண்டுபிடிச்சிருக்கிறான்."

நிரப்பத் தொடங்கினேன். ஒன்றை மறந்துவிட்டேன். காலையில் பாதுகாப்புக்கென்று ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது மெஷின் அந்நேரம் இருந்த நிலையின் பதிவு, எடுத்திருந்தேன். அது இருக்கும்வரை சர்வர் பழைய டிஸ்கைத் தொடாது. புதிதாக எழுதுவதையெல்லாம் தனிக் கோப்பில் போடும். என் பூச்சியங்கள் சர்வரில் மிச்சமிருந்த இடம் முழுவதையும் தின்றன. பத்தே முக்காலுக்கு மெஷின் நின்றது. பதினொரு மணிக்கு வான் போகவேண்டும்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்திருங்கள்: டிஸ்கைச் சுருக்குமுன் ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்று பாருங்கள், சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். காப்புப் பிரதியை வேறு இடத்தில் வையுங்கள். நான் அன்று பார்க்கவில்லை.

வான் ஓட்டும் ரவி வாசலில் நின்று கத்தினான்: "அண்ணை, எசன் நகரக் கடைக்காரர் போனுக்கு மேல போன்! கீரை வாடுது. சீட்டு வருமோ, நான் போய்ப் படுக்கவோ?"

சர்வரில் இடம் கிடைத்தால்தான் மெஷின் எழும்பும். எதையாவது அழிக்கலாமா என்று தேடினேன். நான் எப்போதோ வேலை பழக உருவாக்கிய ஆறு வெர்ச்சுவல் மெஷின்கள் அங்கே கிடந்தன. 'பழசு', 'பழசு 2', 'தேவைப்படும்' என்றெல்லாம் பெயர்.

"உது ஆற்ற?" அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ர."

"எத்தினை வருசமாக் கிடக்கு?"

"நாலு."

"ஒருக்கால் எண்டாலும் திறந்தனீரோ?"

"இல்லை அண்ணை. ஆனா… எப்பவாவது தேவைப்பட்டால்?"

உண்மையாகவே எனக்குக் கை போகவில்லை.

அண்ணை மௌஸை என்னிடமிருந்து வாங்கி, ஆறையும் அழித்தார். இடம் கூடியதா என்று பார்த்தார். கூடவில்லை. திரையில் அழித்ததெல்லாம் போய்க் கிடந்த குப்பைத்தொட்டியைத் திறந்து, அதையும் காலி செய்தார். இந்தமுறை இடம் கூடியது.